என் நெஞ்சு நோவும் அவளின் பல்லு நோவும்

எனக்கு மாரடைப்புப் பயத்தைத் தந்துவிட்டுப் போனவர் ஒரு மெலிந்த மனிதர். என்னோடு படித்தவர், கணித ஆசிரியர். பள்ளிக்கூடம் முடிந்தால் பள்ளிவாசல், பள்ளிவாசல் முடிந்தால் வீடு என்று வாழ்ந்தவர். வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடப் பற்றவைத்ததில்லை. கல்யாண வீடுகளில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்தால் அவர் பக்கத்து இறைச்சித் துண்டுகள் மெதுவாக என் பக்கம் நகர்ந்து வரும். அவரே விரலால் தள்ளிவிடுவார். அப்படிப்பட்டவர் ஐம்பத்தாறு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை அசர் தொழுதுவிட்டு வந்து, கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். மகள் தண்ணீரைக் கொண்டுவந்தபோது அவர் இல்லை.

மையவாடியில் மண் போட்டுவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டு நின்றோம். பக்கத்தில் நின்ற ஒருவர் பெருமூச்சோடு சொன்னார்:

"மெலிஞ்ச மனிசன். சிகரெட் இல்ல, ஒண்டும் இல்ல. அவருக்கே இப்பிடியெண்டா..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. என் வயிற்றைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வேறு இரண்டு பேரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். ஜனாஸாவுக்கு வந்த இடத்தில் என்னையும் ஒரு தரம் அளந்து பார்த்தது போல இருந்தது.

பிறகு அவருடைய தம்பி விஷயத்தைச் சொன்னார். அவர்களுடைய வாப்பாவும் அறுபதைக் காணவில்லை. மூத்த அண்ணன், பெரிய காக்காவும் அதைக் காணவில்லை. குடும்பத்தில் இருக்கிறது, இரத்தம் சோதித்துப் பாருங்கள் என்று டொக்டர் ஒருவர் முன்பே சொல்லியிருக்கிறார். மெலிந்த உடம்புக்குள் கொழுப்பு எங்கே இருக்கப்போகிறது என்று என் கூட்டாளி சிரித்துவிட்டு வந்துவிட்டாராம். மெலிந்தவருக்கும் இரத்தத்தில் கொழுப்பு ஏறும் என்பது அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது. அப்படியென்றால் மெலியாதவனுக்கு?

மறுநாள் கந்தோருக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இலிகிதர். இருபத்தொன்பது வருடமாக ஒரே இருக்கை வேலை. அந்தக் கதிரையின் மெத்தையில் என் உருவம் பதிந்திருக்கிறது. வெளிநோயாளர் வரிசையில் நின்றபோது சுவரில் ஒரு பெரிய சுவரொட்டியைக் கண்டேன். யார் யாருக்கு மாரடைப்பு வரலாம் என்று அதில் வரிசையாக எழுதியிருந்தது. பையில் கிடந்த கடித உறையொன்றின் பின்பக்கத்தில், எனக்குப் பொருந்துகிறவற்றைப் பிரதி எடுத்தேன். வயது, பிரஷர், கொழுப்பு, சிகரெட், தொந்தி, உட்கார்ந்த வேலை, சட்டென்று வரும் கோபம். ஏழு! பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையில்கூட அத்தனை பாடங்களில் எனக்குச் சித்தி கிடைக்கவில்லை. அடியில் இன்னும் சில வரிகள் இருந்தன. நீண்ட கால நீரிழிவு என்கிற சீனி வருத்தம், மாதவிடாய் நின்ற பெண்கள் என்று தொடங்கின. அவை எனக்குரியவை அல்ல என்று தெரிந்ததும் உறையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அன்று மாலை மனைவியை முன்னால் உட்காரவைத்து அந்த ஏழையும் வாசித்துக் காட்டினேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. முப்பது வருடமாக நான் இருப்பது அவளுடைய வீட்டில். மேல்மாடியில் மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள். இத்தனை பேரையும் வைத்து நடத்துகிறவள் அவள். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சிகரெட்டையும் எழுதியிரிக்கிங்களே, அத விட்டுட்டன் எண்டு போன நோன்புல சொன்னீங்க?"

நான் உறையை மடித்துக்கொண்டேன்.

அதிலிருந்து மூன்று மாதங்கள் எங்கள் வீட்டில் என் இதயத்தின் ஆட்சி நடந்தது. கட்டாரில் இருக்கும் மகன் பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்றை அனுப்பினான். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நான் சட்டைக் கையை மடித்து நீட்டுவேன். மனைவி அடுப்பை விட்டு வந்து பட்டியைச் சுற்றிவிட்டுப் பொத்தானை அமத்த வேண்டும். கணக்கைக் கொப்பியில் நான் எழுதுவேன். கூடிவிட்டால் "மேல புள்ளைகள் போடுற சத்தத்தாலதான்" என்று மகளின் பிள்ளைகள் மீது பழியைப் போடுவேன். அந்தப் பட்டியை ஒரு நாளாவது அவளுடைய கையிலும் சுற்றிப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை. பற்றரி வீணாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

சமையலும் மாறியது. எனக்குத் தேங்காய்ப்பால் கூடாது, உப்பு அரைவாசி, எண்ணெய் இல்லை, மாட்டிறைச்சி இல்லை. ஆனால் மருமகன் அப்படிச் சாப்பிட வேண்டும் என்று எந்தச் சுவரொட்டியிலும் எழுதியிருக்கவில்லை. ஆகவே அவள் ஒரே நேரத்தில் இரண்டு விதமாகச் சமைத்தாள். என் மீன் கறி ஒரு சட்டியில், அவர்களுடையது இன்னொரு சட்டியில். மாடிக்குப் போக வேண்டியதை அவளே சுமந்துகொண்டு ஏறினாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு எந்தச் சட்டியில் என்ன மிஞ்சியதோ அதை அவள் சாப்பிட்டாள்.

விடியற்காலையில் நான் கடற்கரைக்கு நடக்கப் போனேன். மருமகனின் பழைய ஓட்டச் சப்பாத்து; என் காலுக்கு ஒரு அளவு பெரிது. தோணிகள் கரையேறுகிற இடம்வரை போய்த் திரும்பினால் நல்ல தூரம். நான் பாதித் தூரத்தில் தேநீர்க் கடைக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு சிகரெட். ஒரு நாளைக்குப் பத்தாக இருந்ததை மூன்றாகக் குறைத்திருந்தேன். மூன்று என்பது கிட்டத்தட்ட இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதியிருந்தேன். வீட்டுக்கு வரும்போது வாயில் ஏலக்காய் போட்டுக்கொள்வேன். அவள் ஏலக்காய் மணத்தையும் முகர்வாள், அதற்குப் பின்னால் இருந்ததையும் முகர்வாள், பிறகு பட்டியைச் சுற்றுவாள்.

இனி எழுதப் போவதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த மூன்று மாதங்களில் அவள் மாடிப்படியில் பாதியில் நிற்கத் தொடங்கியிருந்தாள். சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பிறகு ஏறுவாள். நான் அதைப் பார்த்தேன். முற்றம் கூட்டும்போது நடுவில் வந்து வாசல் படியில் உட்காருவாள். அதையும் பார்த்தேன். ஒரு நாள் "என்னமோ களைப்பா இரிக்கி, கையெல்லாம் ஏலாம வருது" என்றாள். நான் கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமல், "நீயும் என்னைப் போல நடக்கணும். உடம்புக்கு அப்பியாசம் இல்லாட்டி இப்பிடித்தான்" என்றேன். அதிகாலையில் எழும்பி இரண்டு சமையல் செய்து மாடிக்குப் பத்துத் தரம் ஏறி இறங்குகிறவளுக்கு, தேநீர்க் கடை வரை நடக்கிறவன் சொன்ன புத்திமதி.

அவளுக்குச் சீனி வருத்தம் இருந்தது. ஆஸ்பத்திரியில் மாதக் கிளினிக். அந்த நாளும் என்னை ஒரு இதய வைத்தியரிடம் காட்டும் நாளும் இரண்டு முறை ஒன்றாக வந்துவிட்டன. துணைக்கு அவள் வராவிட்டால் என் நெஞ்சு படபடக்கும் என்பதால் அவள் என்னோடு வந்தாள். தன் கிளினிக்கை விட்டுவிட்டாள். வைத்தியர் என்னைப் பார்த்துவிட்டு, வயிற்றைக் குறையுங்கள், சிகரெட்டை விடுங்கள், இந்தக் குளிசையை விடாமல் போடுங்கள் என்றார். அவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

பிறகு அவளுக்குப் பல்லு நோவு வந்தது. இடது பக்கக் கீழ்த்தாடை. வரும், போகும். கராம்பு ஒன்றைக் கடைவாயில் வைத்துக்கொண்டு வேலை செய்தாள். "பல் டொக்டர்ட்ட போவமா?" என்று கேட்டேன், அதை என் நற்செயல்களில் ஒன்றாக எழுதிக்கொள்ளலாம். "உங்கட வேலையெல்லாம் முடியட்டும், மறுகா பார்ப்பம்" என்றாள். மாடிக்கு ஏறினால் நோகிறது, உட்கார்ந்தால் போகிறது என்றும் சொன்னாள். படி ஏறினால் நோகிற பல் எந்த ஊரில் இருக்கிறது என்று நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அக்கரைப்பற்றில் ஒரு வலிமா விருந்து. மாட்டிறைச்சிக்கு நான் விதித்திருந்த தடை வலிமாக்களுக்குச் செல்லாது. கல்யாண வீட்டில் வேண்டாம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் மனம் நோகுமல்லவா? சஹனில் இப்போது என் கூட்டாளி இல்லை. ஆனாலும் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் நல்ல மனிதர்கள், அவர்கள் பக்கத்திலிருந்தும் துண்டுகள் வந்தன. மேலே வட்டலப்பம் இரண்டு. அதற்கு மேலே எருமைத் தயிர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிருக்கும். நெஞ்சின் நடுவில் ஒரு எரிவு ஏறியது. பிறகு ஒரு இறுக்கம். கொப்பியும் கையுமாக இருந்த நான் அப்படியே சீமெந்துத் தரையில் சாய்ந்தேன். விழவில்லை, மெதுவாக, இடம் பார்த்துச் சாய்ந்தேன்.

"வந்திட்டு!" என்று கத்தினேன். "எனக்கு வந்திட்டு!"

குசினியிலிருந்து அவள் ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன வந்திட்டு?"

"அட்டாக். நெஞ்சு நோகுது. என்னை மன்னிச்சிக்க. வட்டையில நம்மட வயலுக்கு வெள்ளிக்கிழமைதான் தண்ணி முறை, மருமகன்ட சொல்லு. மகனுக்குப் போன் எடு. வேணாம், எடுக்காத, புள்ள பயந்திருவான். எடு."

"கலிமாவ சொல்லுங்க, கதைக்காதீங்க" என்றாள். முந்தானையால் தன் முகத்தைத் துடைத்தாள். பிறகு வெளியே போய்ப் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டாள். மகளும் மருமகனும் பிள்ளைகளோடு மருமகனின் உம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். என்னைத் தூக்கி எழுப்பி, தோளில் சாய்த்து, வாசல் வரை கொண்டுவந்தவள் அவள்தான். நான் எண்பத்தேழு கிலோ.

ஆட்டோவில் நான் பின் இருக்கை முழுவதிலும் குறுக்காகப் படுத்தேன். தலை அவள் மடியில். அவள் கம்பியோடு ஒட்டி ஒரு மூலையில் குந்தியிருந்து என் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தாள். அவளுடைய கை ஈரமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், அவள் முகத்திலிருந்து வேர்வை என் நெற்றியில் சொட்டியது.

"உனக்கு ஏன் இப்பிடி வேர்க்குது?" என்றேன். "வேர்க்க வேண்டியது எனக்கெல்லா?"

இதை நான் உண்மையாகவே சொன்னேன். என் மாரடைப்புக்குரிய வேர்வை அவளுக்குப் போய்விட்டதே என்ற குறை என் குரலில் இருந்தது.

"வெக்கைதானே" என்றாள். "ஓங்காளமாவும் இரிக்கி, சத்தி வாற மாதிரி. ஆட்டோ குலுக்குது."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்காமல், "காக்காவ கவனமா புடிச்சிக்கங்க லாத்தா" என்றார்.

ஆஸ்பத்திரியில் என்னைச் சக்கரக் கதிரையில் வைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் கட்டில்கள் நிறைந்திருந்தன. கடைசியாக இருந்த ஒன்றில் என்னைப் படுக்கவைத்தார்கள். நெஞ்சில் ஒட்டுகளை ஒட்டி, வயர்களைக் கொழுவி, ஈ.சி.ஜி. எடுத்தார்கள். திருக்கோவில் ஊரைச் சேர்ந்த இளம் பெண் டொக்டர் ஒருவர் கடதாசியை நீளமாக இழுத்துப் பார்த்தார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு அதிர்ச்சியும் இல்லை.

"ஐயா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"வழமையான சாப்பாடுதான்."

"வழமையெண்டா?"

கதவுக்குப் பக்கத்து மர வாங்கில் இருந்து என் மனைவியின் குரல் வந்தது. மெல்லிய குரல், ஆனாலும் தெளிவாக வந்தது.

"வலிமாக்குப் போனவரு."

டொக்டர் சிரிப்பை அடக்கினார். "ஐயா, உங்கட ஈ.சி.ஜி. நல்லா இரிக்கு. இரத்தமும் எடுத்துப் பாப்பம், ஆனா இது வயித்துப் புளிப்பு மேல எழும்புறது மாதிரித்தான் தெரியுது. பயப்பட ஒண்டுமில்ல."

"இன்னொருக்கா வடிவா பாருங்க டொக்டர்" என்றேன். "எனக்கு ஏழு காரணம் இரிக்கி."

அவர் என்னைக் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்தார். நான் சட்டைப் பையைத் தடவினேன். உறை வீட்டில்.

அந்த நேரத்தில் ஒரு தாதி என் பெயர் விபரங்களை எழுத வேண்டுமென்று மனைவியைக் கூப்பிட்டார். அவள் வாங்கிலிருந்து எழும்பினாள். ஒரு அடி வைத்தாள். பிறகு திரும்பவும் உட்கார்ந்துவிட்டாள், பின்னால் வாங்கு இருக்கிறதா என்று பார்க்காமலே. தாதி எழுதுவதை நிறுத்தினார்.

"உம்மா, உங்களுக்கு என்ன செய்யுது?"

"ஒண்டுமில்ல மிஸ். பல்லு நோவு."

"பல்லு நோவுக்கு இப்பிடியா வேர்க்கும்?" தாதி வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். முகத்தைப் பார்த்தார். உதடுகள் வெளிறியிருந்தன. "முதுகு நோகுதா?"

"ரெண்டு தோளுக்கு நடுவுல கொஞ்சம் உளையுது. காலையில இருந்து. மாவு குழைச்சதால."

தாதி டொக்டரைப் பார்த்தார். டொக்டர் என்னைப் பார்த்தார்.

"ஐயா, எழும்புங்க."

வேறு கட்டில் இல்லை. என் நெஞ்சிலிருந்து ஒட்டுகளை உரித்தார்கள். மயிரும் சேர்ந்து வந்தது. நான் சட்டையைப் பொத்தானிடாமல் இறங்கி நின்றேன். நான் படுத்திருந்த சூடு ஆறாத கட்டிலில் அவளை ஏற்றினார்கள். திரையை இழுத்தார்கள். உள்ளே மெஷின் கடதாசியைத் துப்புகிற சத்தம் கேட்டது. பிறகு டொக்டர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் குரலில் நான் காலையில் இருந்து எதிர்பார்த்த அவசரம் இருந்தது. எனக்காக எதிர்பார்த்தது.

திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த டொக்டர் நேராக என்னிடம் கேட்டார்.

"அம்மாக்குச் சீனி இரிக்கா?"

"ஓம்."

"எத்தன வருசமா?"

எனக்குத் தெரியவில்லை. ஏழோ எட்டோ. மகளின் கல்யாணத்துக்கு முன்னாலா, பின்னாலா?

"என்ன குளிசை போடுறா?"

"வெள்ளை நிறத்தில..." என்றேன்.

"கடைசியா கிளினிக்குக்கு எப்ப வந்தவ?"

தொண்ணூறு நாட்களின் என் பிரஷர் எனக்கு மனப்பாடம். சுபஹுக்குப் பிறகு எவ்வளவு, இஷாவுக்குப் பிறகு எவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். மூன்று கேள்விகளுக்கும் திரைக்குப் பின்னாலிருந்து அவளே பதில் சொன்னாள். பதினொரு வருடம். இரண்டு குளிசைகளின் பெயர். மூன்று மாதத்துக்கு முன்.

டொக்டர் திரும்பவும் உள்ளே போனார். அவர் கேட்பது எனக்குக் கேட்டது.

"அம்மா, உங்கட குடும்பத்தில யாருக்கும் நெஞ்சு வருத்தம் இருந்ததா?"

"அப்பிடி இல்ல மக. எங்கட உம்மா அம்பத்தொரு வயசில மௌத்தானவ. அரிசி புடைச்சிக்கிட்டு இருந்தவ, அப்பிடியே சாய்ஞ்சா. வாய்வு எண்டு சொன்னாங்க."

சொன்னவர்களில் நானும் ஒருவன். அன்று மருமகன் என்ற முறையில் வாசலில் நின்று, வந்தவர்கள் எல்லோருக்கும் அதைத்தான் சொன்னேன்.

அதன்பின் எல்லாம் கெதியாக நடந்தன. அவளுக்குக் குளிசைகளைச் சப்பக் கொடுத்தார்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட வேண்டும் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஊசி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுறது எல்லாருக்கும் நடக்காது ஐயா. கன வருசம் சீனி இருந்தா அந்த நோவே வடிவா தெரியாமப் போகும். பொம்பிளைகளுக்குத் தாடை நோகும், முதுகு உளையும், ஓங்காளிக்கும், சும்மா களைக்கும். வீட்டில ஒருத்தரும் கணக்கெடுக்க மாட்டாங்க."

"ஓம்" என்றேன்.

"காலையிலயே சொல்லியிருந்தா இன்னும் நல்லம். அவட்ட கேட்டன், ஏன் சொல்லல்ல எண்டு."

"என்ன சொன்னா?"

"அவருக்கு அட்டாக் வந்திரிக்கி, அந்த நேரத்தில என்ட பல்லப் பத்தி எப்பிடிச் சொல்லுற எண்டா."

நான் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தேன். யார் அதைக் கையில் தந்தார்கள் என்று நினைவில்லை. இடது செருப்பின் வார் அறுந்து ஊசி குத்தியிருந்தது. அது எப்போது அறுந்தது என்றும் எனக்குத் தெரியாது.

நண்பகலுக்குப் பிறகு அம்புலன்ஸில் மட்டக்களப்புக்குக் கொண்டுபோனார்கள். குழாயை உள்ளே விட்டு இரத்தக் குழாயைப் பார்க்கும் வசதி அங்கே இருந்தது. நான் அவளுடைய கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். மருதமுனை, கல்லாறு, களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் யன்னலில் போய்க்கொண்டிருந்தன. அவள் கண்ணைத் திறந்தாள்.

"கேஸ் அடுப்ப நிப்பாட்டினனா?"

"எனக்குத் தெரியா."

"மகளுக்குப் போன் எடுங்க. குழைச்ச மாவு மூடாமக் கிடக்கு, புளிச்சிரும்."

போன் எடுத்தேன். மகள் அழத் தொடங்கினாள். நான் அடுப்பைப் பற்றி மட்டும் சொன்னேன். களுவாஞ்சிகுடி தாண்டி ஒரு மாடு குறுக்கே வர, சாரதி பிரேக்கை அழுத்தினார். அந்தக் குலுக்கலில், காலையிலிருந்து என் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது ஒரு நீண்ட ஏப்பமாக வெளியே வந்தது. அம்புலன்ஸ் முழுவதும் கேட்டது. கூட வந்த தாதி வெளியே பார்த்தார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"அல்ஹம்துலில்லாஹ். உங்களுக்குச் சுகமாகிட்டு."

அப்போது எனக்கு அழுகை வந்தது. அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அழாதீங்க, பிரஷர் கூடும்" என்றாள்.

மறுநாள் காலையில் கம்பிச் சுருள் ஒன்றை வைத்து அந்தக் குழாயைத் திறந்தார்கள். ஒரு பெரிய குழாய் ஏறக்குறைய முழுதாக அடைபட்டிருந்ததாகவும், ஊசி நேரத்துக்குப் போட்டதால் இதயத்தின் தசை பெரும்பாலும் தப்பிவிட்டதாகவும் சொன்னார்கள். மகள் உள்ளே நின்றாள். பெண்கள் நோயாளர் விடுதிக்குள் பார்வையாளர் நேரத்தில் மட்டும் எனக்கு அனுமதி. மற்ற நேரங்களில் வெளியே ஒரு வேப்ப மரத்தடியில் மற்றப் புருஷன்மாரோடு நின்றேன். காத்தான்குடிக்காரர் ஒருவர், "யாருக்கு வருத்தம்?" என்று கேட்டார்.

"எனக்கெண்டுதான் வந்தம்" என்றேன். முழுக் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, போனை எடுத்துத் தள்ளிப்போய் நின்றுகொண்டு யாரிடமோ கேட்டார்: "உம்மாக்கு அந்தக் கால் வீக்கம் எப்பிடி இரிக்கி?"

அன்று சிகரெட் பெட்டியை அந்த மரத்தடிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பெரிய முடிவு என்று எழுத ஆசைதான். உண்மையில் அதில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஆனாலும் அதன்பிறகு வாங்கவில்லை. இதை எழுதும் இன்றைக்கும் வாய் நமநமக்கிறது.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். வருத்தம் பார்க்க ஊரே வந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் புகழ்ந்தார்கள். "நீங்க அவசரமாக் கொண்டுபோனதாலதான் மனிசி தப்பினா" என்றார்கள். நான் பணிவாகத் தலையைக் குனிந்து, "எல்லாம் அல்லாஹ்ட கிருபை" என்றேன். அப்படி இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அவளுக்குப் பேசத் தெம்பு வந்துவிட்டது.

தலையணையில் சாய்ந்துகொண்டு அவளே கதையைச் சொல்லத் தொடங்கினாள். நான் தரையில் இடம் பார்த்துச் சாய்ந்ததிலிருந்து ஏப்பம் வரைக்கும். ஒவ்வொரு தரமும் கதை கொஞ்சம் வளர்ந்தது. வெள்ளிக்கிழமைத் தண்ணீர் முறையோடு, மோட்டார் சைக்கிளை யாருக்கு எழுதுவது என்றும் நான் சொன்னதாக ஆகிவிட்டது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நான் பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றேன். மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? அவள் சிரிக்கும்போது கை தன்னையறியாமல் நெஞ்சுக்குப் போகும். அப்போதெல்லாம் நான் அவளுடைய நெற்றியில் வேர்வை இருக்கிறதா என்று பார்ப்பேன்.

குசினி எனக்கு வந்தது. என் சமையலைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. என் முதல் மீன் கறியை வாயில் வைத்துவிட்டு அவள், "இத மூணு மாசமா நீங்க எப்பிடிச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். "நீ வெச்சது இப்பிடி இருக்கல்ல" என்றேன். அது பாராட்டு. முப்பது வருடத்தில் நான் அவளுடைய சமையலைப் பாராட்டியது எத்தனை தரம் என்று நினைத்துப் பார்த்தேன். நெடுநேரம் நினைக்க வேண்டியிருக்கவில்லை.

அவளுக்கு நடமாட்டம் வந்த பிறகு ஒரு நாள், யாரோடோ போனில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தாள். சம்மாந்துறையில் கல்யாணம் கட்டியிருக்கும் அவளுடைய தங்கச்சி. நாற்பத்தொன்பது வயது, வீட்டிலேயே அபாயா தைத்துக் கொடுக்கிறவள். உம்மாவுக்கும் வந்தது, எனக்கும் வந்தது, நீ இரத்தம் சோதித்துப் பார் என்று இவள் சொல்ல, பெருநாள் தையல் கிடக்கிறது, நேரமில்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போய்க் கூட்டிக்கிட்டு வாங்க."

"வரமாட்டன் எண்டு சொல்றாளே?"

"வரும்வரைக்கும் இரிங்க. சும்மா இரிக்கிறது உங்களுக்கு நல்லா வருமே, இருபத்தொன்பது வருசப் பழக்கம்."

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயல்களுக்கு நடுவே போனேன். கொழுந்தி மெஷினில் குனிந்திருந்தாள். என்னைக் கண்டதும், "மச்சான், எனக்கு ஒரு நோவும் இல்ல, கல்லுப் போல இரிக்கன்" என்றாள். நான் மின்விசிறிக்குக் கீழே ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் ஒரு அபாயாவின் கை முழுவதையும் தைத்து முடித்தாள். மறுகையைத் தொடங்கினாள். நான் அசையவில்லை. இரண்டாவது கையும் முடிந்தபோது, "போய்த் தொலைவம்" என்று எழும்பி ஹிஜாபைக் குத்தினாள்.

அவளுடைய இதயம் நன்றாக இருந்தது. ஆனால் சீனி கூடியிருந்தது, பிரஷரும் இருந்தது. இரண்டும் அவளுக்கு இருப்பது அன்று காலை வரை யாருக்கும் தெரியாது. கிளினிக் கொப்பி போட்டு, குளிசை கொடுத்து, இனிப்பை விடச் சொன்னார்கள். தேநீரில் மூன்று கரண்டி சீனி போட்டுக் குடித்தவள். இப்போது மாதம் ஒரு தடவை சகோதரிகள் இருவரையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வரிசைத் துண்டோடு நான் வெளியே நிற்கிறேன். கொழுந்தி இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவளுடைய வெறும் தேநீருக்கு நான்தான் காரணமாம்.